‘அட்-இன்டெரிம்’ என்றால் எதுவரை? ஒரு கொல்லைப்புற வழக்கும் இரண்டு சொற்களும்

டெல்டா பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 54. கணவர் இறந்து ஆறு வருடம். உடன் இருப்பது 82 வயது மாமியார். இரவில் எழுந்து வாசல் பக்கக் கழிப்பறைக்குப் போகும்போது மாமியார் இரண்டு முறை விழுந்துவிட்டதால், கொல்லையில் சமையலறைக்கு ஒட்டினாற்போல ஒரு கழிப்பறை கட்ட ஆரம்பித்திருக்கிறார். அஸ்திவாரம் தோண்டி ஒரு வரிசைக் கருங்கல் வைத்ததோடு வேலை நின்றுவிட்டது. மூத்தார் மகன் மாவட்ட முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டார். அந்த இடத்தில் நாற்பது வருடமாக ஆறடி அகலத்துக்குப் பொதுப் பாதை இருக்கிறதாம், கழிப்பறை வந்தால் அது அடைபட்டுப் போகுமாம்.

9-ம் தேதி, கட்டக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டிருக்கிறது. 18-ம் தேதி பதிவுத் தபால் வந்திருக்கிறது. 26-ம் தேதி வாய்தா. வாசகியின் கேள்வியைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

“உத்தரவில் ‘அட்-இன்டெரிம்’ என்று போட்டிருக்கிறது. அவன் கொடுத்த மனுவில் ‘டெம்பரரி’ என்று கேட்டிருக்கிறான். அகராதியில் பார்த்தால் இரண்டுக்கும் தற்காலிகம், இடைக்காலம் என்றுதான் இருக்கிறது. அவனைக் கேட்டால், ‘சித்தி, இது இன்டெரிம் ஆர்டர், கேஸ் முடியுற வரைக்கும் நீங்க ஒரு செங்கல்லைத் தொடக் கூடாது, போலீஸ்லயும் காப்பி குடுத்துட்டேன்’ என்கிறான். கோர்ட் வாசலில் மனு எழுதித் தருபவர், ‘26-ம் தேதியோட இது தானா செத்துப்போயிரும், 27-ம் தேதி வேலையை ஆரம்பிங்க, எதுக்கு வக்கீலுக்குத் தண்டச் செலவு’ என்கிறார். நாற்பது மூட்டை சிமெண்ட் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. கொத்தனார் தினமும் போன் செய்கிறார். யார் சொல்வது சரி?”

அன்புள்ள சகோதரிக்கு,

இருவர் சொல்வதும் சரியில்லை. அந்த மனு எழுதுபவரின் யோசனையைக் கேட்டு 27-ம் தேதி கொத்தனாரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அதற்காகத்தான் இந்தப் பதிலை அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் அகராதியைக் குறை சொல்ல மாட்டேன். கோர்ட்டுகளிலேயே தமிழில் எழுதும்போது இரண்டையும் ‘இடைக்கால உறுத்துக்கட்டளை’ என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். உறுத்துக்கட்டளை என்றால் ‘இதைச் செய்யாதே’ என்று கோர்ட் தடுக்கும் உத்தரவு. வக்கீல்கள் பேச்சில் எல்லாமே ‘இன்டெரிம் ஆர்டர்’. கட்சிக்காரர்களுக்கோ எல்லாமே ‘ஸ்டே’. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் இதைப் பற்றிப் பேசும் 39-வது கட்டளையின் (அந்தச் சட்டத்தில் ‘கட்டளை’ என்பது ஓர் அத்தியாயம் போல) தலைப்பில் இருக்கும் சொல் ‘டெம்பரரி’. ‘அட்-இன்டெரிம்’ என்ற லத்தீன் வால், நடைமுறையில் வந்து ஒட்டிக்கொண்டது. ‘நடுவில் இருக்கும் காலத்துக்கு’ என்பது அதன் பொருள். எதற்கும் எதற்கும் நடுவில் என்பதுதான் கேள்வி.

உங்கள் மூத்தார் மகன் கேட்டது, வழக்கு முடியும்வரை உங்களைத் தடுக்கும் ‘டெம்பரரி’ உறுத்துக்கட்டளை. அதைக் கோர்ட் இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை. அந்த மனுவை உங்களையும் கேட்டுத்தான் தீர்மானிக்க முடியும். அதற்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்து நீங்கள் வருவதற்குள் கட்டடம் எழும்பிவிடும் என்று அவர் தரப்பில் சொன்னதால், அந்தச் சில நாட்களுக்கு மட்டும், உங்களைக் கேட்காமலே கொடுத்தது இந்த ‘அட்-இன்டெரிம்’. அதாவது மனு போட்ட நாளுக்கும், மனுவில் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்லும் நாளுக்கும் நடுவில். ‘டெம்பரரி’ நிற்பது அந்த முடிவுக்கும் வழக்கின் தீர்ப்புக்கும் நடுவில். இரண்டுமே போய்ச் சேருவது தீர்ப்பில்தான். அங்கே கிடைத்தால் கிடைப்பது நிரந்தர உறுத்துக்கட்டளை.

நான் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் தன் டைரியில் ‘அட்-இன்டெரிம்’ என்பதைப் பென்சிலால் எழுதுவார். மனு முடிந்து ‘டெம்பரரி’ ஆனால் பேனாவால் மேலேயே எழுதுவார். ஒருநாள் காரணம் கேட்டேன். “பென்சில்ல இருக்கும்போதே அழிக்கப் பாரு” என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

பென்சிலுக்கும் பேனாவுக்கும் உள்ள வித்தியாசம்

சீனியர் சொன்னது சட்டத்திலேயே இருக்கிறது. 39-வது கட்டளையின் 4-வது விதி, ஏற்கனவே போட்ட உறுத்துக்கட்டளையை அதே கோர்ட் நீக்கவோ மாற்றவோ வழி செய்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனை வாசகங்கள் உண்டு. ஒருதலைப்பட்சமாக, எதிரிக்கு நோட்டீஸ் இல்லாமல் வாங்கிய உத்தரவாக இருந்து, அதை வாங்கியவர் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய்யோ திசைதிருப்பும் தகவலோ சொல்லியிருந்தால், கோர்ட் அதை நீக்க வேண்டும். நீக்காமல் விடுவதானால் நீதியின் நலன் கருதி ஏன் விடுகிறோம் என்று காரணம் எழுத வேண்டும். ஆனால் இரு தரப்பையும் கேட்டபிறகு போட்ட உத்தரவை அவ்வளவு எளிதாக நீக்க முடியாது. சூழ்நிலை மாறியிருக்க வேண்டும், அல்லது அந்த உத்தரவால் உங்களுக்கு மிகுந்த சிரமம் ஏற்பட்டிருப்பதைக் காட்ட வேண்டும்.

அதனால்தான் நீங்கள் 26-ம் தேதி போகாமல் வீட்டில் இருப்பது ஆபத்து. போகாவிட்டால் உத்தரவு ‘தானாகச் செத்துப்போகும்’ என்று மனு எழுதுபவர் சொன்னது, மறுதரப்பு வக்கீலும் அன்றைக்கு வராமல் இருந்தால் ஒருவேளை நடக்கும். அவர் ஏன் வராமல் இருக்கப் போகிறார்? வந்து, “எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் சேர்ந்துவிட்டது, ஆஜராகவில்லை” என்பார். கோர்ட் உங்களை எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாத தரப்பு) ஆக்கி அதே உத்தரவை உறுதியாக்கிவிடும். பென்சில் பேனாவாகிவிடும். உங்களுக்குக் காதில் விழுந்தது ஒரு தேதி மட்டும்தான். அந்தத் தேதியில் கோர்ட்டில் என்ன எழுதினார்கள் என்பது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. ‘அடுத்த வாய்தாவரை நீட்டிப்பு’ என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தாலும் உத்தரவு உயிரோடு இருக்கிறது.

உயிரோடு இருக்கும் உத்தரவை மீறினால் 2ஏ விதிப்படி சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம்வரை சிவில் சிறையில் வைக்கலாம். நாற்பது மூட்டை சிமெண்டுக்கு இந்த விலை வேண்டாம். உத்தரவே இல்லாத இடைவெளியில் கட்டினாலும் நிம்மதி கிடையாது. வழக்கு நடக்கும்போது எழுப்பிய சுவரை இடித்து அகற்றச் சொல்லும் அதிகாரம் கோர்ட்டுக்கு உண்டு. அதோடு, நாளைக்கு நீங்கள் ஏதாவது சலுகை கேட்கும்போது நீதிபதி முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான்.

‘முப்பது நாள்’, ‘ஆறு மாதம்’ என்று கேள்விப்படுவீர்கள்

ஒருதலைப்பட்ச உத்தரவு கொடுத்தால் முப்பது நாளுக்குள் மனுவை முடிக்கக் கோர்ட் முயல வேண்டும், முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும் என்று 3ஏ விதி சொல்கிறது. முப்பத்தோராம் நாள் உத்தரவு காலாவதி என்று அது எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த விதி வெறும் அலங்காரமில்லை. 2000-ல் வெங்கடசுப்பையா நாயுடு – செல்லப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி காட்டியது: முப்பது நாளில் மனுவை முடிக்காமல் கோர்ட் இழுத்தடித்தால், மனு நிலுவையில் இருக்கும்போதே பாதிக்கப்பட்டவர் அந்த உத்தரவின்மேல் அப்பீல் போகலாம். உங்கள் விஷயத்தில் அந்த முப்பது நாள் அடுத்த மாதம் 9-ம் தேதிவாக்கில் முடிகிறது. நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

‘ஆறு மாதம் ஆனால் தடை தானாக விலகும்’ என்பது இன்னும் ஊரில் உலவும் செய்தி. 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, கீழ்க்கோர்ட்டு விசாரணைகளை நிறுத்திவைக்கும் தடைகளைப் பற்றி அப்படிச் சொன்னது உண்மை. உங்கள் கொல்லைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தவிர, 2024 பிப்ரவரி 29-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தானியங்கி விலகலையே ரத்து செய்துவிட்டது. இதை யாராவது சொன்னால் காதில் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய நான்காவது படம்

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் பெரிதாக நினைக்காமல் அனுப்பிய ஒரு படம் என் கண்ணில் நின்றது. தபால் கவரின் படம். அஞ்சல் முத்திரை 17-ம் தேதி என்று தெளிவாகத் தெரிகிறது.

நோட்டீஸ் இல்லாமல் உத்தரவு வாங்குபவருக்கு 3-வது விதி ஒரு நிபந்தனை வைக்கிறது. உத்தரவு கிடைத்த உடனே மனு, பிரமாணப் பத்திரம், பிராது (வழக்கைத் தொடங்கும் மூல மனு), ஆதார ஆவணங்களின் நகல் எல்லாவற்றையும் எதிரிக்கு நேரில் கொடுக்க வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அப்படிச் செய்துவிட்டேன் என்று அன்றைக்கோ மறுநாளோ கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். 9-ம் தேதி உத்தரவு என்றால் 10-ம் தேதிக்குள் அந்தப் பத்திரம் கோர்ட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிபந்தனையை மீறியிருக்கிறார். இருந்தால் இன்னும் சுவாரஸ்யம். 17-ம் தேதி தபாலில் போட்டதை ‘அனுப்பிவிட்டேன்’ என்று 10-ம் தேதியே சத்தியம் செய்திருப்பார்! கேஸ் கட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த நிபந்தனை கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லியிருக்கிறது. இது ஒன்றை மட்டும் வைத்து எல்லா நீதிபதியும் உத்தரவை நீக்கிவிடுவார் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் அந்தக் கவரைப் பேரக்குழந்தைகள் கைக்கு எட்டாமல் பத்திரமாக வையுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் 1994-ம் வருட பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் உங்கள் கணவருக்கும் மூத்தாருக்கும் பிரிந்த பாகங்களுக்குச் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், எழுதியிருக்கிறது. உங்கள் பாகத்துக்கு வடக்கெல்லை ‘மூத்தவர் பாகம்’ என்று இருக்கிறதே தவிர, நடுவில் பொதுப் பாதை என்று ஒரு வார்த்தை இல்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் வழக்குப் போட்டவரின் அப்பா. மூத்தார் மகனின் மனுவையும் பிரமாணப் பத்திரத்தையும் முழுக்கப் படித்தேன். பாகப்பிரிவினை நடந்ததாகவே அதில் பேச்சு இல்லை. தாத்தா காலத்துக் கூட்டுச் சொத்து போலவே பேசியிருக்கிறார். முக்கிய ஆவணத்தை மறைத்து ஒருதலைப்பட்ச உத்தரவு வாங்கினார் என்று மேலே சொன்ன 4-வது விதியின் கீழ் வாதாட இது நல்ல அடிப்படை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்திரத்தில் பாதை இல்லை என்பதாலேயே பாதை உரிமை இல்லை என்று ஆகிவிடாது. இருபது வருடம் இடைவிடாமல், தடையில்லாமல், உரிமையாக நடந்து வந்திருந்தால் 1882-ம் வருட வசதியுரிமைச் சட்டப்படி அதற்கு ஒரு வழி இருக்கிறது. பாகம் பிரித்தபோது வேறு வழியே இல்லாமல் போனவருக்கும் சட்டம் வழி விடும். அவர் வீட்டுக்குத் தெருப்பக்கம் பெரிய வாசல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு நல்லது. ஆனால் கொல்லை வழியாக அவர் வீட்டு மாடு போய் வந்தது உண்டா, எத்தனை வருடம், யார் அனுமதித்தார்கள் என்பதையெல்லாம் உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கடிதத்தில் அந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோனதாக எனக்குப் பட்டது.

பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். கொண்டு போங்கள், ஆனால் அதையே கோட்டையாக நினைக்க வேண்டாம். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. சொத்துரிமையைத் தீர்மானிக்கக் கோர்ட் பத்திரத்தைத்தான் முதலில் கையில் எடுக்கும்.

26-ம் தேதி என்ன கேட்பது

ஒரு வக்கீலை வைத்து வக்காலத்துத் தாக்கல் செய்யுங்கள். பணம் தடை என்றால் பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அன்றே கவுண்டர், அதாவது அவர் மனுவுக்கு உங்கள் எழுத்துப்பூர்வமான பதில், தாக்கல் செய்ய முடிந்தால் மிக நல்லது. அதில் பாகப்பிரிவினை, கவர், தெருவாசல் எல்லாம் வர வேண்டும். இன்னொன்றும் வர வேண்டும். இந்த மனுவில் கோர்ட் மூன்று விஷயம் பார்க்கும்: முதல் நோக்கில் வழக்கு இருக்கிறதா, உத்தரவு கொடுத்தால் யாருக்கு அதிகச் சிரமம், கொடுக்காவிட்டால் பின்னால் ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா. இரண்டாவது கேள்விக்குப் பதில் உங்கள் மாமியார். 82 வயது, இரண்டு முறை விழுந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு. அவர் வழக்குப் போட்டவருக்குச் சொந்தப் பாட்டி என்பதையும் கவுண்டரில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சட்டப்படி அதற்கு எடை கிடையாது. ஆனாலும் எழுதச் சொல்லுங்கள்.

அட்வகேட் கமிஷனர் (இடத்தைப் பார்த்து வரக் கோர்ட் நியமிக்கும் வக்கீல்) கேட்டு ஒரு மனுவும் போடுங்கள். 26-வது கட்டளையில் இடம் இருக்கிறது. கமிஷனர் தாலுகா சர்வேயரோடு வந்து, புலப்படத்தை (வருவாய்த்துறையின் நில அளவை வரைபடம்) வைத்து அளந்து, பாதை இருந்த தடயம் உண்டா, அஸ்திவாரம் எங்கே நிற்கிறது என்று பார்த்து அறிக்கை கொடுப்பார். பாதை வழக்குகளில் பத்துப் பக்க வாதத்தைவிட அந்த ஒரு வரைபடம் அதிகம் பேசும். அதற்குள் அஸ்திவாரத்தை மூட வேண்டாம், கல்லை எடுக்க வேண்டாம். இப்போது இருப்பதை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் கையில் இன்னொரு யோசனையும் வைத்திருப்பேன். “வழக்கில் தோற்றால் கழிப்பறையை என் செலவில் அகற்றிக்கொள்கிறேன், கட்டியதற்காக எந்தச் சலுகையும் கேட்க மாட்டேன்” என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, மூன்றடி வழி விட்டுக் கட்ட அனுமதி கேட்பது. முழு வெற்றியில்லைதான். ஆனால் வழக்கு முடிய ஏழெட்டு வருடம் ஆகலாம், மாமியாருக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. இப்படிக் கேட்பவரின் நல்லெண்ணத்தைப் பல நீதிபதிகள் மதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு நீதிபதி ‘ஸ்டேட்டஸ் கோ’ என்று மூன்றாவதாக ஒரு சொல்லைச் சொல்லலாம். இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும் என்பது அது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் எது ‘இருக்கிறபடி’ என்பதில்தான் அடுத்த சண்டை தொடங்கும். அப்படிச் சொன்னால், இன்றைய நிலை என்ன என்பதையும் உத்தரவிலேயே பதிவு செய்யும்படி உங்கள் வக்கீல் அங்கேயே கேட்க வேண்டும்.

மனுவில் தோற்றால் சார்பு நீதிமன்றத்துக்கு அப்பீல் உண்டு, முப்பது நாள் அவகாசம். ஜெயித்தால் அவர் அப்பீல் போவார். அப்போது உங்களைக் கேட்காமல் மறுபடி ஓர் ‘அட்-இன்டெரிம்’ வாங்கிவிடாமல் இருக்க, அப்பீல் கோர்ட்டில் முன்கூட்டியே ஒரு கேவியட் போட்டு வையுங்கள். தொண்ணூறு நாள் நிற்கும். போதிய காரணமில்லாமல் உறுத்துக்கட்டளை வாங்கினார் என்று பின்னால் நிரூபணமானால் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 95-வது பிரிவின்படி ஐம்பதாயிரம் ரூபாய்வரை இழப்பீடு கேட்கவும் முடியும். அதை இப்போது பேச வேண்டாம், வழக்கின் நடுவில் சொந்தத்துக்குள் கசப்புதான் கூடும்.

பிராதுக்கான எதிருரை தனி. சம்மன் கிடைத்த முப்பது நாளில் கொடுக்க வேண்டும். மனுச் சண்டையில் அதை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

போலீஸ் விஷயம்: உத்தரவின் நகலை ஸ்டேஷனில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அமல்படுத்தும்படி கோர்ட் தனியாகச் சொல்லாதவரை போலீஸ் உங்கள் கொல்லைக்கு வந்து அளவெடுக்க முடியாது. யாராவது கூப்பிட்டால், “26-ம் தேதி கோர்ட்டில் ஆஜராகிறேன், வேலையை நிறுத்தியாயிற்று” என்று எழுதிக் கொடுத்து ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சிமெண்ட்டை இன்றே கடைக்காரரிடம் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். எடுக்க மாட்டேன் என்றால் கொத்தனாருக்கு வேறு இடத்தில் வேலை நடக்கும், அவரிடம் விலைக்குத் தள்ளிவிடுங்கள். மழை வருகிறது, தார்ப்பாய்க்குக் கீழே அது மூன்று மாதம் தாங்காது.